விமர்சனமும் வம்சாவளியும்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஐம்பது ஆண்டுகளில் இந்தச் சங்கம் என்னென்ன செய்தது என்பதை எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஜனாஸா நிதி, மதரஸா வகுப்புகள், கல்வி உதவித்தொகை எல்லாம் வந்துவிட்டன. எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஊடகமும் நம் சமுதாயமும்'. பெரிய தலைப்பு. நான் அதைச் சின்னதாக்கி, என் பேரன் என்னிடம் கேட்ட ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேச நினைக்கிறேன்.

2017ஆம் ஆண்டு. அவனுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பையைக் கூடக் கழற்றாமல் கேட்டான்: "நன்னா, ஏ/எல் என்றால் கெட்ட வார்த்தையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவன் பெயரில் ஏ/எல் இருக்கிறது. அனாக் லெலாக்கி, இன்னாருடைய மகன் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. நம் பெயரில் 'பின்' வருகிறது. அதற்கும் அதே பொருள்தான். இது எப்படி ஒரு குழந்தையின் காதில் வசைச் சொல்லாக விழுந்தது?

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், கிளானா ஜெயா அம்னோ தொகுதிக் கூட்டத்தில் அன்றைய துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி பேசினார். எதிரணிக்குப் போய்விட்ட முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீரின் பழைய அடையாள அட்டையில் அவருடைய பெயர் 'மகாதீர் அனாக் லெலாக்கி இஸ்கந்தர் குட்டி' என்று இருந்ததாகச் சொன்னார். மகாதீர் மறுத்தார். ஆனால் மறுப்பு வருவதற்குள் அந்தப் பெயர் நாட்டைச் சுற்றிவிட்டது. பத்திரிகையில் தலைப்பானது, கைத்தொலைபேசியில் கேலிப்படமானது, பள்ளிக்கூடத்து ஓய்வு நேரத்தில் பையன்களின் விளையாட்டுச் சொல்லானது. என் பேரன் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அன்பர்களே, மகாதீரை விமர்சிக்கக் காரணமா இல்லை? 1981 முதல் 2003 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்டவர். 1987 அக்டோபரில் ஓப்ராசி லாலாங் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு, நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அந்த மேடையில் இவற்றை எப்படிக் கேட்பார்கள்? அந்தக் காலம் முழுக்க அதே கட்சிதானே ஆண்டது! செயலைப் பேசினால் தங்கள் பங்கும் வெளியே வரும். ஆகவே பாட்டனைப் பேசினார்கள். பாட்டனைப் பேசுவதற்கு ஆதாரம் தேவையில்லை, விவாதம் தேவையில்லை, பதிலும் கிடையாது.

பதில் ஏன் கிடையாது? 'நீ செய்தது தவறு' என்று ஒருவனிடம் சொன்னால் அவன் மறுக்கலாம், விளக்கலாம், திருந்தலாம். 'நீ இன்னாருக்குப் பேரன்' என்று சொன்னால் என்ன செய்வான்? பாட்டனை மாற்றிக்கொள்ள முடியுமா? தந்தை வழியில் தமக்கு இந்திய இரத்தம் உண்டு என்பதை மகாதீரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய தந்தை அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆங்கிலப் பள்ளியின் முதல் தலைமையாசிரியர். அந்தக் குடும்பத்துக்கு அது பெருமை. அந்தப் பெருமையைத்தான் அன்று அழுக்காக்கிக் காட்டினார்கள். பேசியவரும் ஜாவா வம்சாவளியினர் என்பதை நாடு அறியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கடல் கடந்து வந்தவரின் பேரன், கடல் கடந்து வந்த இன்னொருவரின் பேரனைப் பார்த்து 'நீ வந்தவன்' என்று சொல்வதில் இருக்கும் விந்தையைச் சொல்கிறேன்.

இனி, நாம் அன்று என்ன செய்தோம்? இங்கேதான் என் மனம் கனக்கிறது. நம்மில் பலருக்குக் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். ஆனால் தேநீர்க் கடை மேசைகளில் நான் கேட்ட கோபம் எப்படி இருந்தது தெரியுமா? "அவர் முஸ்லிம், அவருக்குப் போய் ஏ/எல் போடுகிறார்களே! நமக்குப் 'பின்' அல்லவா!" அதாவது, ஏ/எல் என்பது கேவலம் என்று அந்த மேடை சொன்னதை நாமும் ஒப்புக்கொண்டு, அந்தக் கேவலம் எங்களுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். நம் பக்கத்து வீட்டில் ஏ/எல் இருக்கிறது, ஏ/பி இருக்கிறது. அவர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? என் பேரனின் நண்பன் காதில்?

என் பாட்டனார் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். இந்த ராசாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தின் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி, பருப்பு, கருவாடு, மிளகாய், மண்ணெண்ணெய். லயத்துக் குடும்பங்கள் எல்லாம் பற்று வைத்து வாங்கும். சம்பள நாளில் வந்து தீர்க்கும். தீர்க்க முடியாத மாதமும் உண்டு. அவரை 'பாய்' என்று கூப்பிட்டார்கள். அவர் மவுத்தானபோது பெட்டியைத் தூக்கத் தோட்டத்து ஆட்கள் முன்னே வந்தார்கள் என்று அத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த உறவுக்கு 'பின்'னும் ஏ/எல்லும் குறுக்கே நிற்கவில்லை.

கடை வாசலில் ஒரு பெஞ்சு. மாலையில் தமிழ்ப் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். படித்து முடித்ததும் பேச்சு சூடாகும். யாராவது, "அந்தக் கிராணி எந்தச் சாதி தெரியுமா? அவன் புத்தி அப்படித்தான்" என்று தொடங்கினால், பாட்டனார் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்பாராம்: "அவன் என்ன செய்தான்? அதைச் சொல்லு." செக்ரோலில் பெயர் விட்டுப்போனதா, பால் நிறுவையில் குறைத்தானா, அதைச் சொல். சொன்னால் துரையிடம் போய் முறையிடலாம். சாதியைச் சொல்லி யாரிடம் முறையிடுவாய்? ஊடக ஒழுக்கம் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் சொல்லப்பட்ட பாடத்தைவிடப் பெரிதாக எதையும் நான் கற்கவில்லை.

ஆனால் கற்றதைக் காத்தேனா? இந்தச் சபையில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 1998 செப்டம்பரில் அன்வார் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது நானும் கொதித்தவன். அந்த நாட்களில் கைக்குக் கை மாறிய தாள்களில் மகாதீரை 'மாமாக்' என்று நக்கலடித்த வரிகள் இருந்தன. நான் சிரித்தேன். நகல் எடுத்து நண்பர்களுக்கும் கொடுத்தேன். 'மாமாக்' என்று என்னைத் தெருவில் ஒருவன் இளக்காரமாகக் கூப்பிட்டால் முகம் சிவக்கும் நான், எனக்குப் பிடிக்காதவர்மீது அதே சொல்லை எறிந்தபோது கைதட்டினேன். பத்தொன்பது ஆண்டு கழித்து அது சுற்றிச் சுற்றி என் பேரன் வாய் வழியாக என் வீட்டுக்கே வந்தது. நாம் எறிந்த கல் எங்கே விழும் என்று எறியும்போது தெரிவதில்லை.

இந்தக் கதை நேற்று தொடங்கியதும் அல்ல. 1876இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்ற வார இதழ் வந்தது. மலாய் மொழியின் முதல் செய்தித்தாளாக அதைச் சொல்வார்கள். நடத்தியவர்கள் நம்மவர்கள். தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியினர். 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். அதற்கும் முன்பே, 'நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை' என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற முன்ஷி அப்துல்லா, மலாக்காவில் அரபு, தமிழ் வம்சாவளியில் பிறந்தவர். மலாய் எழுத்துக்கும் அச்சுக்கும் நம் முன்னோர் செய்த பணி சின்னதல்ல.

அப்படியிருக்க, 1930களில் மலாய்ப் பத்திரிகைகளில் 'உண்மையான மலாய்க்காரர் யார்' என்ற விவாதம் எழுந்தது. அப்போது இரண்டு சுருக்கெழுத்துகள் புழக்கத்துக்கு வந்தன: டி.கே.ஏ., டி.கே.கே. முதலாவது 'டாரா கெத்துருனான் அராப்', அரபு இரத்த வழியினர். இரண்டாவது 'டாரா கெத்துருனான் கெலிங்', அது நாம். பத்திரிகையைத் தொடங்கித் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பத்திரிகையே மூன்றெழுத்தில் அடைத்துவிட்டது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த விவாதத்துக்குப் பின்னால் உண்மையான குறை ஒன்று இருந்தது. நகரங்களில் வியாபாரம், வீடு நிலம், அச்சகம், சங்கத் தலைமை போன்றவை வசதி படைத்த அரபு, இந்திய முஸ்லிம் குடும்பங்களிடம் இருந்தன. கம்பத்து மலாய்க்காரர் ஏழையாக இருந்தார். 'தலைமையை எங்களிடம் கொடுங்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொடுங்கள்' என்று அவர் கேட்டது நியாயம். ஆனால் கேள்வி இரத்தத்தின் பக்கம் திரும்பியதும் என்ன ஆனது? பணக்கார வியாபாரிக்கு ஒரு நட்டமும் இல்லை. தெருவோரத்தில் நாசி கண்டார் காவடி சுமந்தவனும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், கொஞ்சம் மலாய் இரத்தமும் கொஞ்சம் தமிழ் இரத்தமும் உடைய குழந்தையும் அந்த மூன்றெழுத்தைச் சுமந்தார்கள். இன வசைக்கு இதுதான் எப்போதும் வழக்கம். குறி வைத்த ஆளைத் தப்பவிட்டு, பின்னால் நிற்கிற எளியவனைத் தாக்கும்.

'கெலிங்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பினாங்கில் நம் முன்னோர் 1801இல் எழுப்பிய பள்ளிவாசலுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்றே பெயர். அங்கே அது மரியாதை. பிற்காலத்தில் அதே சொல் வசையாயிற்று. 'மாமாக்' என்பதும் அப்படித்தான். நம் 'மாமா'தான் அது. நெகிரி செம்பிலான்காரர்களாகிய நமக்கு இன்னொன்றும் தெரியும். மினாங்கபாவ் மரபில் 'மாமாக்' என்றால் தாயின் சகோதரர். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. அடாட் பெர்ப்பத்தே கடைப்பிடிக்கும் இந்த மாநிலத்தின் முன்னோரில் பெரும்பாலோர் சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்கள். இங்கே முதல் யாங் டி பெர்த்துவான் பெசாராக அமர்ந்த ராஜா மெலாவார், 1773இல் பகாருயோங்கிலிருந்து அழைத்து வரப்பட்டவர். வந்தவர்களை மதித்து வாழ்ந்த மண் இது. இங்கிருந்துதான் நாட்டின் முதல் மாமன்னரும் போனார்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 160ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்லும்போது இஸ்லாம், மலாய் மொழி, மலாய் மரபு ஆகியவற்றைச் சொல்கிறது. இந்த மண்ணில் பிறப்போ நிலைத்த குடியிருப்போ சுதந்திரத்துக்கு முன்பே இருந்ததா, அந்த வழியில் வந்தவரா என்று கேட்கிறது. கலப்பில்லாத இரத்தம் வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. சட்டம் கேட்காததைத்தான் மேடை கேட்கிறது.

இனி 2024க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் சென்னைத் தந்தி தொலைக்காட்சிக்கு மகாதீர் ஒரு பேட்டி கொடுத்தார். மலேசிய இந்தியர்கள் தங்கள் பூர்வீக நாட்டோடு இன்னும் தங்களை இணைத்துப் பார்ப்பதால் இந்த நாட்டுக்கு முழு விசுவாசமாக இல்லை என்ற பொருளில் பேசினார். கிளானா ஜெயாவில் பாட்டன் பெயரால் அடிபட்ட அதே மனிதர், ஏழு ஆண்டு கூடக் கழியாத நிலையில் ஒரு சமுதாயம் முழுவதையும் அதன் பாட்டன் பெயரால் அடித்தார். காவல்துறை விசாரணை வரை போனது.

அப்போது நம் பக்கத்திலிருந்து பறந்த பதில்கள் எப்படி? 'இவர் மட்டும் யார், குட்டிதானே!', 'கேரளாக்காரர் பேசுகிறார்!' மறுபடியும் அதே பாட்டன்! சொல்லியிருக்க வேண்டிய பதில் எத்தனை இருந்தது! விசுவாசத்தை எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்தவர்கள் எந்த மண்ணுக்காக மடிந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடும் வேலையும் சேர்ந்தே போன குடும்பங்களுக்கு நாடு என்ன விசுவாசம் காட்டியது என்றும் கேட்டிருக்கலாம். இந்தக் கேள்விகளுக்கு அவர் பதில் தேட வேண்டியிருக்கும். 'குட்டி' என்றதும் அவருக்கு வேலை மிச்சமாயிற்று.

குர்ஆனில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினோராவது வசனம், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. இரண்டு வசனம் தள்ளி, சமூகங்களும் கோத்திரங்களும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளவே உண்டாக்கப்பட்டன என்று வருகிறது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிய செய்தி நாமெல்லாம் கேட்டதுதான். அந்த ஒருவர் பிலால் (ரலி) அவர்கள் என்று அறிஞர்கள் பலர் சொல்வார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறதே என்று கடிந்தார்கள். அபூதர் சாதாரணமானவர் அல்ல, மூத்த தோழர். அவருக்கே அது நேர்ந்தது என்றால் உங்களுக்கும் எனக்கும் நேராதா?

ஆகவே வீட்டில் நான் மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு செய்தியைப் படித்தால், ஒரு தலைவரின் பேச்சைக் கேட்டால், அதைப் பிறருக்கு அனுப்புமுன் கேட்டுப் பார்ப்பேன். முதலாவது: இது அவர் செய்ததைச் சொல்கிறதா, அவர் பிறந்ததைச் சொல்கிறதா? இரண்டாவது: இதையே நம்மவர் ஒருவர் செய்திருந்தால் இந்தச் சொல்லைப் போட்டிருப்பார்களா, நானும் போட்டிருப்பேனா? மூன்றாவது: இந்தச் சொல் அவரைத் தாண்டி இதில் சம்பந்தமே இல்லாத எத்தனை பேர்மேல் விழும்? ஒரு கடையில் சுத்தம் இல்லை என்றால் அந்தக் கடையின் சுத்தத்தை எழுதட்டும், கடையை மூடட்டும். 'மாமாக் கடை என்றாலே இப்படித்தான்' என்று எழுதினால், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சட்டி தேய்க்கும் எத்தனை பேரின் உழைப்பு அழுக்காகிறது!

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இனத்தைச் சொல்லாதே என்று நாம் கேட்பது, தவறு செய்த நம்மவரைக் காப்பாற்றுவதற்கு அல்ல. நம்மவர் ஒருவர் கணக்கில் மோசடி செய்தார் என்று பத்திரிகை ஆதாரத்தோடு எழுதினால், 'இது நம் சமுதாயத்தின்மீது தாக்குதல்' என்று கொடி பிடிக்கக் கூடாது. விமர்சனத்தைத் தாங்கத் தெரியாதவர்களுக்கு வசையைக் கண்டிக்கும் அருகதை குறைந்துபோகும்.

நம் கடைக்குள்ளேயும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். நம்மிடம் வேலை பார்க்கும் வங்காளதேசத்துப் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா, 'பங்களா' என்றே கூப்பிடுகிறோமா? 2020 ஏப்ரலில், கோவிட் ஊரடங்கின்போது ரோஹிங்யா மக்கள்மீது இந்த நாட்டின் சமூக ஊடகங்களில் வெறுப்பு கொட்டியது. அகதியாய் வந்த முஸ்லிம்கள் அவர்கள். நம் கைத்தொலைபேசிகளிலிருந்தும் அந்தச் செய்திகள் போகவில்லையா? 1930களில் நம்மை மூன்றெழுத்தில் அடைத்தவர்களைக் குறை சொல்கிறோம். நாம் இன்று யாரை எத்தனை எழுத்தில் அடைக்கிறோம்?

பொன்விழா ஆண்டில் சங்கத்துக்கு இரண்டு சிறிய வேண்டுகோள்கள். ஒன்று, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எவரையும் இனத்தாலோ பாட்டனாலோ இழிவு செய்யும் செய்தி வந்தால், அது நமக்குப் பிடிக்காத அரசியல்வாதியைப் பற்றியதே ஆனாலும், மேலே அனுப்புவதில்லை என்று ஒரு விதி வைப்போம். இரண்டு, இளைஞர் பகுதியினர் ஓர் ஆண்டுக்குச் செய்தி நறுக்குகளைச் சேர்க்கட்டும். எந்தச் செய்தியில் தேவையில்லாமல் இனம் வந்தது, எதில் வரவில்லை என்று தேதி போட்டு ஒட்டி வைக்கட்டும். பிறகு அந்தந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதட்டும். மலாயிலும் எழுதட்டும், தமிழிலும் எழுதட்டும், ஆங்கிலத்திலும் எழுதட்டும். அச்சுக்கூடம் நடத்தியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதுவது கடினமா?

என் பேரனுக்கு அன்று என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "அது கெட்ட வார்த்தை இல்லை, ராஜா. இன்னாருடைய மகன் என்று பொருள். உனக்குப் 'பின்', உன் கூட்டாளிக்கு ஏ/எல். இரண்டும் ஒன்றுதான்" என்றேன். அவன் விடவில்லை. "அப்படியென்றால் ஏன் சிரித்தார்கள்?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1998இல் நானும் சிரித்தவன்தானே! மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாத்தாவும் நானும் அரைமணி நேரம் பழைய தோட்டத்துக் கதை பேசிக்கொண்டிருந்தோம். பையன்கள் இருவரும் வாசலில் பந்தடித்தார்கள். இன்று இருவரும் வாலிபர்கள். இப்போதும் கூட்டாளிகள்தான்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம் பேரப்பிள்ளைகள் எவரும் இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வராதிருக்க வேண்டும். நம் வீட்டில் பேசிய பேச்சால் அடுத்த வீட்டுப் பிள்ளை எவனும் இந்தக் கேள்வியோடு அவன் வீட்டுக்குப் போகாதிருக்கவும் வேண்டும். வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.